தூக்கக் கணக்கில் ஒரு கப்பல் பயணம்

முந்தைய நாள், சிங்கப்பூர்

நாளை மதியம் கப்பல் ஏறுகிறோம். நான்கு இரவுப் பயணம்: சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, அங்கிருந்து தாய்லாந்தின் புக்கெட், பிறகு ஒரு நாள் முழுக்கக் கடல், ஐந்தாம் நாள் காலை மறுபடியும் சிங்கப்பூர்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், யூகேஜி படிக்கும் பெரியவள், மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் பாக்கியிருக்கும் சின்னவன், அத்தை. அத்தை என்றால் மாமியார், குழந்தைகளுக்கு அப்பாயி. வெளிநாடு என்றாலே "எனக்கு எதற்கு அதெல்லாம்" என்று ஒதுங்கிவிடுபவர், பினாங்கு என்ற பெயரைக் கேட்டதும் மறுநாளே பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுத்து வந்துவிட்டார். அத்தை நாகப்பட்டினத்துக்காரர். அவருடைய அப்பா 'ரஜூலா' கப்பலில் பினாங்கு போய் வந்தவர். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன பயணத்தைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, நீச்சல் குளம் உள்ள கப்பலில் அதே துறைமுகத்துக்குப் போகிறோம் என்பது நம்பக்கூடியதாக இல்லை. "சாப்பாடு நாம் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லையா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

சிறு குழந்தைகளோடு சிங்கப்பூரில் இறங்குபவர்களுக்கு ஒன்று. செயலியில் அழைக்கும் வாடகைக் காரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். சாதாரண டாக்ஸிக்கு அந்த விதி இல்லை. இது தெரியாமல் விமான நிலையத்தில் ஒரு ஓட்டுநரை வரவழைத்து, அவர் சின்னவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்ப, இருபது நிமிடம் போனது.

நாள் 1, கப்பல்

மரினா பே கப்பல் முனையம். பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். இதைப் படித்திருந்தேன். படித்திருந்தும் நீச்சல் உடைகளைப் பெரிய பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். மதியம் ஒரு மணிக்குக் கப்பலுக்குள் நுழைந்த குழந்தைகளின் கண்ணில் முதலில் பட்டது தண்ணீர் பீய்ச்சும் குட்டிக் குளம். அடுத்த மூன்று மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நீச்சல் உடை, டயப்பர், பால்பவுடர், மாற்றுத்துணி ஒரு செட், நாலும் கைப்பையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது அடி, குழந்தைகள் மன்றத்தில். "காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிக்கொள்ளலாம்" என்று டிக்கெட் போட்டுக்கொடுத்த முகவர் சொல்லியிருந்தார். வாசலில் இருந்த பெண் மிக அன்பாக, மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், டயப்பர் இல்லாமல் இருக்க வேண்டும் என்றார். சின்னவன் இரண்டிலும் தோற்றான். டயப்பர் போட்ட குழந்தைக்குப் பெரிய நீச்சல் குளங்களிலும் அனுமதி கிடையாது. அதற்கென்று உள்ள அந்தக் குட்டிக் குளம் மட்டும்தான். மூன்று வயதை ஒட்டிய குழந்தை இருந்தால், முகவர் வாயை நம்பாமல் கப்பல் நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு மாதம் தள்ளி, டயப்பரையும் விட்டபின் வந்திருந்தால் எனக்குத் தினமும் இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கும்.

எங்களுடையவை ஜன்னல் இல்லாத உள்ளறைகள், எதிரெதிராக இரண்டு. பால்கனி அறையைத் தவிர்த்ததற்குப் பாதிக் காரணம் விலை, மீதி சின்னவன். எதன்மேலும் ஏறுவான். உள்ளறையில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. மதியம் ஒன்றரைக்கும் இரவு போலத் தூங்குகிறான். வெந்நீர்க் கெட்டில் கிடையாது, கொண்டுவரவும் விடமாட்டார்கள். இரவுப் பாலுக்கு பஃபே மூடுவதற்குள் பிளாஸ்கில் பிடித்துவைக்க வேண்டும். அத்தை வீட்டிலிருந்து பிளாஸ்டிக் மக் ஒன்றைக் கொண்டுவந்தபோது சிரித்தேன். ஷவரைக் கண்டு அலறும் பிள்ளையை அந்த மக்கால்தான் குளிப்பாட்டுகிறோம்.

புறப்படும் முன் அவசரகாலப் பயிற்சி. எல்லோரும் தங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். குழந்தைகளின் மணிக்கட்டில் அந்த இடத்தின் எழுத்தைப் போட்ட பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். தொலைந்துபோனால் எங்கே கொண்டுவந்து சேர்ப்பது என்று ஊழியர்களுக்குத் தெரியும். பெரியவள் அதை வளையல் என்று எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. சிங்கப்பூருக்கு வெளியே கடல் முழுக்க நங்கூரமிட்ட கப்பல்கள், கல்யாண மண்டப வாசலில் நிற்கும் கார்களைப் போல. "இதெல்லாம் ஏன் போகாமல் நிற்கிறது?" என்றாள் பெரியவள். "சரக்கு ஏற்ற முறை வரும்வரை காத்திருக்கின்றன" என்றார் கணவர். "ரேஷன் கடையா?" என்றார் அத்தை.

இரவு, குழந்தைகள் தூங்கியதும், சுற்றுலா மேசைக்குப் போய் ஒரு காரியம் செய்தேன். புக்கெட்டில் பீ பீ தீவுக்கு விரைவுப் படகில் போகும் பயணத்தை இரண்டு மாதம் முன்பே பதிவுசெய்திருந்தோம். புகைப்படத்தில் பச்சைத் தண்ணீர், சுண்ணாம்புக்கல் மலை, யாருக்குத்தான் ஆசை வராது. இப்போது சீட்டை நிதானமாகப் படித்தால்: மொத்தம் எட்டு மணி நேரம், அலையில் குதித்துக் குதித்துப் போகும் படகு, முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும், நிழல் குறைவு. சின்னவன் மதியம் ஒன்றரைக்குத் தூங்குபவன். தூங்காவிட்டால் நான்கு மணிக்கு உலகம் முடிந்துவிடும். அந்த முடிவை ஒரு படகின் நடுவில் சந்திக்க நான் தயாராக இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும் என்றிருந்தது. சரியாக அந்த விளிம்பில் ரத்து செய்தேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாமை காலைவரை நீடித்தது.

நாள் 2, பினாங்கு

கப்பல் ஒரு மணிக்குக் கரை தொட்டது. இரவு ஒன்பதரைக்குள் திரும்ப வேண்டும். ஒன்றேகாலுக்கெல்லாம் வாசலில் பெருங்கூட்டம். நாங்கள் எதிர்த்திசையில், அறைக்குப் போய்ச் சின்னவனைப் படுக்க வைத்தோம். பெரியவளும் கணவரும் குட்டிக் குளத்துக்குப் போனார்கள். நேற்று கால் வைக்க இடமில்லாத இடத்தில் இன்று இவர்களும் ஒரு ஜப்பானியக் குடும்பமும் மட்டும்.

எங்கே போவது என்று முன்பே அலசியிருந்தேன். பினாங்கு மலைக்கு 833 மீட்டர் உயரம். அதில் ஏறும் கேபிள் ரயில் நூறு வருடம் தாண்டியது. ரயிலில் போவது சில நிமிடம்தான், ஆனால் துறைமுகத்திலிருந்து அடிவாரம் போக அரை மணிக்கு மேல், விடுமுறை நாளில் வரிசை எவ்வளவு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பட்டாம்பூச்சிப் பூங்கா தீவின் இன்னொரு மூலையில், தெலுக் பகாங்கில். சீனக் குலத்தார் கடலில் கால்நட்டுக் கட்டிய மரவீடுகள் மிக அருகில்தான், ஆனால் பலகைப் பாலத்தின் பல இடங்களில் ஓரத் தடுப்பு கிடையாது. ஓடத் தெரிந்த, நிற்கத் தெரியாத பிள்ளைக்கு ஆகாது. மிஞ்சியது ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள். சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஊருக்குள்தான் இறங்குகிறோம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி முழுதும் கூப்பிடு தூரத்தில். கப்பலே கண்ணில் தெரியும் இடத்தில் குழந்தையோடு சுற்றுவதில் உள்ள நிம்மதி தனி.

நாலு மணிக்கு இறங்கினோம். வெயில் இறங்கவில்லை. அத்தை துறைமுகக் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். நான் அவர் கண்கலங்குவார் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தேடினேன். அவர் கேட்டது: "சுங்கச் சோதனை எங்கே?" அவருடைய அப்பா ஊர் திரும்பும்போதெல்லாம் நாகப்பட்டினத்துச் சுங்கத்தில் பெட்டியைக் கவிழ்த்து, பிஸ்கட் டின்னையும் கோடாலித் தைலத்தையும் எண்ணிய கதைதான் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதையாம். "இவ்வளவு லேசாக விட்டுவிடுகிறார்களே" என்று குறைப்பட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

வாசலில் மிதிவண்டி ரிக்‌ஷாக்கள். பினாங்கு ரிக்‌ஷாவில் ஓட்டுபவர் பின்னால், பயணி முன்னால். கண்ணுக்கும் தெருவுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் பூ, கலர் குடை, ஒரு பாட்டுப்பெட்டி. இரண்டு வண்டி பேசினோம், பேரம் அத்தை பொறுப்பு. ஓட்டுநருக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்தது அவருக்குத்தான் நஷ்டம். அறுபது அடி மணிக்கூண்டைச் சுற்றினோம். விக்டோரியா மகாராணியின் அறுபது வருட ஆட்சிக்கு வருடத்துக்கு ஓர் அடியாம். போரில் குண்டு விழுந்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று ஓட்டுநர் காட்ட, சின்னவனும் தலையைச் சாய்த்தான். அந்த ஒரு மணி நேரம் இரண்டு குழந்தைகளும் ஒரு முறைகூட "எப்போது போவோம்" என்று கேட்கவில்லை. காசு கொடுத்த இடங்களில் இது அபூர்வம்.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் அந்தப் புகழ்பெற்ற சுவர். அக்காவும் தம்பியும் சைக்கிளில் போவதுபோல் எர்னஸ்ட் சகரேவிச் 2012இல் வரைந்தது. குழந்தைகள் சித்திரம், சைக்கிள் மட்டும் நிஜம்; சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். வரிசையில் நின்று முறை வந்ததும் பெரியவள் போஸ் கொடுக்க மறுத்துவிட்டாள். முதலில் மிதிப்பானைத் தொட்டாள். பிறகு சித்திரத் தம்பியின் கையைத் தடவினாள். மறுபடி கைப்பிடி, மறுபடி அக்காவின் முகம். எது சைக்கிள், எது சுவர் என்று விரலால் எல்லை பிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். புகைப்படத்தில் அவளுடைய முதுகுதான் இருக்கிறது. நான் அதை மாற்றி எடுக்கச் சொல்லவில்லை.

குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து இருக்கிறது. மாலைப் பூசைக்குத் திறந்திருந்தது. அத்தை உள்ளே போனவர் வெளியே வர முக்கால் மணி ஆனது. நாங்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வடை வாங்கித் தின்றோம். பெயர்ப்பலகைகள் தமிழில், கேசட் கடைச் சத்தம்போல ஸ்பீக்கர் பாட்டு, "நாம் ஊருக்கு வந்துவிட்டோமா?" என்றாள் பெரியவள். அத்தையின் அப்பா வேலை பார்த்த வெற்றிலைக் கடை இந்தத் தெருவா அடுத்த தெருவா என்று தெரியாது. அத்தை தேடவும் இல்லை. ஜாதிக்காய்த் தைலம் ஆறு புட்டி வாங்கினார், சுங்கத்துக்குக் கணக்குக் காட்டுவதுபோல எங்களிடம் எண்ணிக் காட்டினார்.

ஏழரைக்குக் கப்பலில் இருந்தோம். இரவு உணவில் எங்கள் மேசைக்கு அடுத்த குடும்பம் மலைக்குப் போய்வந்தது. அவர்களுக்கு நாலு வயதுப் பையன். "காட்சி அருமை" என்றார் அப்பா. அம்மா பேசவில்லை. பையன் தட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்தான்.

நாள் 3, புக்கெட்

இங்கே பெரிய கப்பல் பாதோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நின்றுவிடும். சிறு படகுகளில்தான் கரைக்குப் போக வேண்டும். காலையில் அதற்கு எண் போட்ட சீட்டு, அரங்கத்தில் காத்திருப்பு. தள்ளுவண்டியை மடித்துத் தூக்க வேண்டும். நாங்கள் பொறுமையாகத் தோசை சாப்பிட்டு (இந்தியச் சமையல்காரர் ஒருவரை அத்தை கண்டுபிடித்துவிட்டார்), குளத்தில் ஆடி, பதினொரு மணிக்கு மேல் போனோம். சீட்டே கேட்கவில்லை, நேராகப் படகு. அலுங்கும் படகில் ஏறும் அந்த ஓர் அடிதான் பயம். ஊழியர் இருவர் குழந்தையைக் கைமாற்றிக்கொள்கிறார்கள், நாம் விட்டுவிட வேண்டும்.

பன்வா முனையில் மீன் காட்சியகம் இருக்கிறது, ஆனால் தீவின் மறுபக்கம். யானை முகாம்களும் உண்டு. அதற்கும் கார்ப் பயணம். எங்களுக்கு எதிரிலேயே மணல் இருந்தது. டிசம்பரில் அந்தமான் கடல் சாது. மே முதல் அக்டோபர்வரை வந்தால் சிவப்புக் கொடி பறக்கும், இறங்கக்கூடாது. உயிர்காப்பாளர் நிற்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே, ஜெட் ஸ்கீ வராத பகுதியில், வாடகைக் குடை எடுத்தோம். சின்னவன் தள்ளுவண்டியில் குடைக்கீழே தூங்கினான். பெரியவள் குழி தோண்டினாள். மூன்று மணி நேரம் ஒரே குழி. பீ பீ தீவைப் பற்றிக் கணவர் இன்று பேசவில்லை. இளநீர் குடித்துக்கொண்டு அவரும் ஒரு கட்டத்தில் குழிக்குள் இறங்கிவிட்டார்.

கடற்கரைச் சாலையில் நீல நிறப் பலகை: பெரிய அலை, அதன் முன்னால் மேட்டில் ஏறி ஓடும் ஆள். "இது என்ன அப்பாயி?" 2004இல் சுனாமி இந்தக் கரையிலும் வந்தது, நாகப்பட்டினம் தமிழ்நாட்டில் அதிகம் பேரை இழந்த மாவட்டம். அத்தை அப்போது அங்கேதான் இருந்தார். "கடல் பெரிதாக வந்தால் மேட்டுக்கு ஓட வேண்டும். வழி காட்டுகிறார்கள்" என்றார். "எந்த மேடு?" அத்தை சுற்றிலும் பார்த்து, ஒரு தெருவின் முடிவைக் காட்டினார். பெரியவள் தலையாட்டிவிட்டுக் குழிக்குத் திரும்பினாள். நானும் அந்தத் தெருவைப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

அடுத்து எங்கள் மடத்தனம். கரையிலிருந்து கப்பலுக்குக் கடைசிப் படகு 4.30. கணவர் போனைப் பார்த்து, "மணி 2.40தான், ஐஸ்கிரீம் சாப்பிட்டு மெதுவாகப் போகலாம்" என்றார். அத்தை தன் எச்.எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அதை மாற்ற மறுத்துவிட்டார்; அதில் ஓடுவது இந்திய நேரம். "என்னுடையதில் ஒன்று பத்து. கப்பலுக்கு இரண்டரை மணி கூட்டவேண்டும் என்றாயே? அப்படியென்றால் மூன்று நாற்பது அல்லவா?"

போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறியிருந்தது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது. ஒரு மணி வித்தியாசம். அறைக் கதவில் வைத்திருந்த தினசரித் தாளில் இதைக் கட்டம் கட்டி அச்சிட்டிருந்தார்கள், நான் படித்தும் இருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நம் இஷ்டத்துக்குச் சுற்றப் போனவர்களுக்குக் காத்திருக்காது. தூங்குபவனைத் தூக்கி, மணலோடு துண்டைச் சுருட்டி, குழியை விட்டு வர மறுத்தவளை இழுத்து, படகு வரிசையின் வாலில் நின்றபோது நாலு மணி. வரிசையில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஏறிவிட்டோம். கப்பலில் கால் வைத்ததும் அத்தை சொன்னது: "ஐஸ்கிரீம் இங்கேயே இலவசம்தானே."

நாள் 4, கடல்

கரையில்லாத நாள். மலாக்கா நீரிணை ஏரிபோல இருந்தது. வாந்தி மாத்திரைக்கு வேலையே இல்லை. குளம் நிரம்பி வழிந்தது. முதல் நாள் மன்றத்தில் அழுது திரும்பிய பெரியவள் இன்று காலை போனவள் மதியச் சாப்பாட்டுக்கும் வர மறுத்தாள்.

சின்னவனின் பிரச்சினை துண்டு யானை. அறையைச் சுத்தம் செய்பவர் தினமும் மாலை துண்டை மடித்து ஒரு மிருகம் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறார். முதல் நாள் யானை, பிறகு குரங்கு, நேற்று நண்டு. எதையும் பிரிக்கக் கூடாது. யானையின் தும்பிக்கை தொய்ந்துவிட்டது என்று நேற்றிரவு அரை மணி அழுகை. துடைத்துக்கொள்ள வேறு துண்டு கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தருகிறார். மணிலாவில் அவருக்கு இதே வயதில் மகள் இருக்கிறாளாம், பார்த்து ஏழு மாதம் ஆகிறதாம். இன்று அவரே சின்னவனை உட்கார வைத்து, அவன் கையைப் பிடித்துத் தும்பிக்கையை மறுபடி சுருட்டக் கற்றுக்கொடுத்தார்.

இரவு பதினொன்றுக்குள் பெரிய பெட்டிகளை அட்டை கட்டி வாசலில் வைக்க வேண்டும். சிங்கப்பூரின் வருகை அட்டையை மறுபடியும் நிரப்ப வேண்டும். முதல்முறை நிரப்பியது செல்லாது, விசாவும் மறுநுழைவுக்கு இடம் தருவதாக இருக்க வேண்டும். கப்பலின் இணையம் யானை விலை. நான் அட்டையை நேற்றே பாதோங் மணலில் உட்கார்ந்து முடித்துவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் சரியாகத் திட்டமிட்ட ஒரே விஷயம்.

நாள் 5, சிங்கப்பூர் விமான நிலையம்

எட்டு மணிக்கு இறங்கினோம். யானை, குரங்கு, நண்டு மூவரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாட்டா காட்ட ஐந்து நிமிடம் ஆனது. சுங்கத்தில் யாரும் அத்தையின் ஆறு புட்டித் தைலத்தைக் கண்டுகொள்ளவில்லை. அவரே போய்ப் பையைத் திறந்து காட்டினார். அந்த அதிகாரி ஒரு புட்டியை மோந்து பார்த்து, தன் பாட்டியும் இதைத்தான் தேய்ப்பார் என்றார். அத்தைக்குத் திருப்தி.

விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். விளையாட்டுத் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் நீச்சல் உடை கேட்கிறார்கள். கைப்பையைக் கொட்டிப் பார்த்துவிட்டேன். டயப்பர் இருக்கிறது, பால்பவுடர் இருக்கிறது, மாற்றுத்துணியும் இருக்கிறது. நீச்சல் உடை இரண்டும் கப்பல் குளியலறையின் கொடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன.